வருடப்பிறப்புக்கு வீட்டிலேயே மருத்துநீர்: நேரம் பார்ப்பதிலிருந்து தலையில் வைப்பது வரை

ஈழத்துச் சைவ வீடுகளில் சித்திரை வருடப்பிறப்பு மருத்துநீரோடு தொடங்கும். பூவும் மூலிகையும் போட்டுக் காய்ச்சிய நீரை, புண்ணியகாலத்துக்குள், வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் தலையிலும் வைப்பார். பிறகு முழுகி, புத்தாடை உடுத்து, பொங்கல், கோயில், கைவிசேடம் (பெரியவர்கள் கையால் காசு வாங்குவது) என்று நாள் போகும். ஊரில் கோயிலடியில் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலையில்லை. ஒரு போத்தலோடு போனால் ஐயர் காய்ச்சி வைத்திருப்பதில் கொஞ்சம் ஊற்றித் தருவார்.

கோயில் தூரமாக இருப்பவர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும், கலியாணமாகி முதல் வருடம் தனியாக வீடு நடத்தும் பிள்ளைகளும்தான் திண்டாடுகிறார்கள். மூலிகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள், நேரத்தைக் கடைசியில் பார்ப்பார்கள். பார்க்கும்போது புண்ணியகாலம் பாதி போயிருக்கும். அதனால் கீழே சொல்லும் ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் பஞ்சாங்கம்

சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசிக்குள் நுழையும் கணமே வருடம் பிறக்கும் நேரம். அது பட்டப்பகலிலும் வரும், நடுச்சாமத்திலும் வரும். அந்தக் கணத்துக்கு முன் 10 நாழிகையும் பின் 10 நாழிகையும் விஷு புண்ணியகாலம். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், முன்னே 4 மணித்தியாலம், பின்னே 4 மணித்தியாலம். மருத்துநீர் வைத்து முழுகுவது இந்த 8 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும்.

2024இல் குரோதி வருடம் வாக்கிய பஞ்சாங்கப்படி ஏப்ரல் 13 சனிக்கிழமை இரவு 8.15க்குப் பிறந்தது. புண்ணியகாலம் அன்று பின்னேரம் 4.15 முதல் நள்ளிரவு 12.15 வரை. "வருடப்பிறப்பு என்றால் 14ஆம் திகதி காலைதானே" என்று விடிய எழும்பி மருத்துநீர் வைத்தவர்கள் எல்லாம் நேரம் முடிந்த பிறகு வைத்தவர்கள். 2025இல் விசுவாவசு வருடம் ஏப்ரல் 14 அதிகாலை 2.29க்குப் பிறந்தது. அதன் புண்ணியகாலம் 13ஆம் திகதி இரவு 10.29க்குத் தொடங்கி 14ஆம் திகதி காலை 6.29க்கு முடிந்தது. அன்றைக்கு விடிய 5 மணிக்கு எழும்பினாலும் போதும், 7 மணிக்கு எழும்பினால் போச்சு.

அதிகாலை நேரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. "14ஆம் திகதி 2.29" என்பதைப் படித்துவிட்டு, 14ஆம் திகதி பகல் முழுவதும் கழிந்த பிறகு அன்றிரவு ஆயத்தப்படுத்துபவர்கள் உண்டு. கடிகாரத்தில் நள்ளிரவோடு திகதி மாறும். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் மாறும், அதனால் அதே நேரத்தை 13ஆம் திகதி இரவு என்றும் எழுதியிருக்கலாம். சந்தேகம் வந்தால் கிழமையைப் பாருங்கள், எந்த இரவு என்று எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

அப்புறம் எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வி. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணிப்பு முறை உண்டு. வாக்கியம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறொன்று சொல்லும். 2025இல் வாக்கியத்தில் 2.29, திருக்கணிதத்தில் 3.21. எது சரி என்று வீட்டில் வாதாடி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். நீங்கள் போகும் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எடுங்கள், எடுத்ததை விடாதீர்கள். ஒன்றிலிருந்து புண்ணியகாலமும் மற்றதிலிருந்து கைவிசேட நேரமும் எடுத்துக் கலக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

பஞ்சாங்கத்தைத் திறந்தவுடனேயே இவற்றை ஒரு கடுதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்: புண்ணியகாலம் தொடங்கும் நேரம், முடியும் நேரம், தலைக்கு என்ன இலை, காலுக்கு என்ன இலை, ஆடைக்கு என்ன நிறம், கைவிசேடத்துக்கு எந்த நேரம். ஆளாளுக்குக் கைபேசியில் வெவ்வேறு படம் வைத்துக்கொண்டு நின்றால் அந்த நேரத்தில் ஒன்றும் ஓடாது.

2. வெளிநாட்டில் இருந்தால் நேரத்தை மாற்றுங்கள்

யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட பஞ்சாங்கம் இலங்கை நேரத்தைச் சொல்கிறது. சூரியன் ராசி மாறுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். ஆகவே அந்தக் கணத்தை உங்கள் ஊர்க் கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும்.

ஏப்ரலில் லண்டன் இலங்கையைவிட 4.30 மணித்தியாலம் பின்னே, ரொறன்ரோ 9.30 மணித்தியாலம் பின்னே. சிட்னி 4.30 மணித்தியாலம் முன்னே. விசுவாவசு பிறந்த 2.29ஐ எடுத்தால், ரொறன்ரோவில் அது ஏப்ரல் 13 பின்னேரம் 4.59, புண்ணியகாலம் மத்தியானம் 12.59 முதல் இரவு 8.59 வரை. லண்டனில் 13ஆம் திகதி இரவு 9.59. சிட்னியில் 14ஆம் திகதி காலை 6.59.

இங்கே இரண்டு பிழை அடிக்கடி நடக்கும். ஒன்று, கோடைகால நேரத்தை மறப்பது. கனடாவும் பிரித்தானியாவும் மார்ச்சிலேயே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடும். சிட்னியில் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே தள்ளுவார்கள். குளிர்கால வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் பிசகும். மற்றது, நேரத்தை மாற்றிவிட்டுத் திகதியை மாற்றாமல் விடுவது.

உங்கள் ஊர்க் கோயில் தானே கணித்து நேரம் அறிவித்திருந்தால் அதையே எடுங்கள். அங்கே உங்களுக்காக யாரோ இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள்.

3. சாமான் சேர்ப்பது

பஞ்சாங்கங்களில் வழமையாக வரும் பட்டியல் இது: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, சீதேவியார், வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம் (பசுவின் சலம்), கோமயம் (பசுவின் சாணம்), கோரோசனை (மாட்டின் பித்தக்கல்), மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு. வருடத்துக்கு வருடம், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒன்றிரண்டு கூடும் குறையும்.

பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாம் கிடைத்தால்தான் மருத்துநீர் என்று நினைத்து, ஒன்று கிடைக்காததால் முழுவதையும் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண். மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, துளசி, அறுகு, வில்வம், ஏதாவது ஒரு பூ, கொஞ்சம் பால். இவ்வளவு சேர்ந்தால் வீட்டு மருத்துநீருக்குத் தாராளம் என்பது என் எண்ணம்.

வாங்குவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி, விரலி மஞ்சள் ஆகியவற்றை ஒரு கிழமைக்கு முன்பே வாங்கி வையுங்கள். வருடப்பிறப்புக்கு முதல் நாள் மருந்துக்கடையில் திப்பிலி முடிந்திருக்கும்.

துளசியையும் வில்வத்தையும் முன்கூட்டியே பறிக்க வேண்டும். மாதப்பிறப்பன்று இவற்றைப் பறிக்கக் கூடாது என்பது மரபு. வில்வத்துக்குத் திங்கட்கிழமையும் ஆகாது, பௌர்ணமியும் ஆகாது. துளசியை இருட்டிய பிறகு தொட மாட்டார்கள். இதை மறந்துவிட்டு முதல் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் வேலிக்கரையில் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வில்வத்துக்குப் பழசு என்ற தோசம் கிடையாது, இரண்டு மூன்று நாள் முன்பே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம்.

பூக்களை மட்டும் முதல் நாள் எடுங்கள். மாதுளம்பூவை மரத்திலிருந்து பிய்த்தால் ஒரு மாதுளம்பழம் போகும். மரத்தின் கீழே அன்று விழுந்த பூவில் நல்லதாக இரண்டு பொறுக்கினால் போதும். தாழம்பூ மடலின் விளிம்பு முள் கையைக் கிழிக்கும், கத்தரிக்கோலால் விளிம்பை வெட்டிவிட்டுத் துண்டாக்குங்கள். அரை மடலே போதும், முழுப் பூவையும் போட்டால் மற்ற எல்லா வாசத்தையும் அமுக்கிவிடும்.

விஷ்ணுகிராந்தியும் சீதேவியாரும் தரையோரத்துச் செடிகள். முதலாவதில் நீலப் பூ, மற்றதில் ஊதாப் பூ, இரண்டும் பொடிப் பூக்கள். செடி தெரிந்த ஒருவர் கூட வராவிட்டால் விட்டுவிடுங்கள். கைபேசிப் படத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு களையைப் பிடுங்கித் தலையில் வைப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது.

கோரோசனை விலை கூடியது, போலியும் அதிகம். நம்பிக்கையான மருந்துக்கடை இருந்தால் கடுகளவு வாங்குங்கள். கோசலமும் கோமயமும் வீட்டில் பசு இருந்தால், அல்லது தெரிந்த இடத்தில் கேட்டால் புதிதாகக் கிடைக்கும். எப்போது அடைத்தது என்று தெரியாத போத்தலை இதற்காக வாங்க வேண்டாம். கோயில் மருத்துநீரில் அவை சேர்ந்திருக்கும். அதில் ஒரு கரண்டி கிடைத்தால் உங்கள் நீரில் கலந்துகொள்ளலாம்.

4. தலைக்கும் காலுக்கும் இலை

மருத்துநீர் வைக்கும்போது தலையில் ஓர் இலையும் காலின் கீழ் ஓர் இலையும் இருக்க வேண்டும். எந்த இலை என்பது வருடா வருடம் மாறும். கொன்றை, வேம்பு, புங்கு, கடம்பு, இலவு என்று மாறி மாறி வரும். போன வருடம் வைத்ததே இந்த வருடமும் என்று நினைப்பது பெரும்பாலானோர் விடும் பிழை.

தலைக்கானதையும் காலுக்கானதையும் மாற்றி வைப்பது அடுத்த பிழை. பறித்து வந்தவுடனேயே இரண்டு தனித்தனிப் பையில் போட்டு, "தலை", "கால்" என்று எழுதிவிடுங்கள். விடிய நித்திரைக் கண்ணோடு எது எதுவென்று தெரியாது.

கொன்றை என்று சொல்லி வந்தால் கவனம். தெருவோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் மரங்கள் எல்லாம் கொன்றை இல்லை. சரக்கொன்றைக்கு இலை பெரிது, ஒரு காம்பில் நாலு முதல் எட்டுச் சோடி வரை இருக்கும். ஏப்ரலில் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும், அதைப் பார்த்தால் பிழை வராது.

ஓர் ஆளுக்கு இரண்டு இலை என்று கணக்குப் பண்ணாமல் கொஞ்சம் கூடவே எடுங்கள். கடைசி நேரத்தில் பெரியப்பா குடும்பம் வந்து நிற்கும். வெளிநாட்டில் வேப்பிலை தமிழ்க் கடைகளில் வாங்கலாம். மற்றவை கிடைப்பது சிரமம், கோயிலில் மருத்துநீரோடு சேர்த்து இலையும் தருகிறார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

5. காய்ச்சுவது

புண்ணியகாலம் விடியப்புறம் வந்தால் முதல் நாள் பின்னேரமே காய்ச்சுங்கள். பின்னேரம் வந்தால் அன்று காலை. காய்ச்சியது தானாக ஆற இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும், அவசரத்தில் சூட்டோடு தலையில் வைக்க முடியாது.

மண்பானை அல்லது எவர்சில்வர்ப் பாத்திரம் எடுங்கள். கறி காய்ச்சும் சட்டி வேண்டாம், எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய் மணம் போகாது. செம்பு, பித்தளையில் காய்ச்சி இரவு முழுக்க விட்டால் களிம்பு பிடிக்கும்.

நாலைந்து பேருக்கு 2 லீற்றர் தண்ணீர் போதும். இது குளிக்கும் தண்ணீர் இல்லை, ஆளுக்கு ஒரு கை இரண்டு கைதான் தேவை.

அ) தண்ணீர் கொதித்ததும் முதலில் இடித்த கடைச்சரக்கைப் போடுங்கள்: விரல் நீள மஞ்சள் ஒன்று, சுக்கு ஒரு துண்டு, மிளகு ஐந்தாறு, திப்பிலி இரண்டு. இவை இறுகியவை, சாறு இறங்க நேரம் வேண்டும். தூளாகப் போடாதீர்கள், தூள் துணியிலும் வடிந்து வந்து கண்ணில் விழும். இடித்தால் போதும்.

ஆ) பத்து நிமிடம் கழித்து அறுகு, வில்வம், மற்ற மூலிகைகள். எல்லாவற்றையும் நன்றாக அலசிய பிறகுதான் போட வேண்டும். அறுகம்புல் வேரில் மண் ஒட்டியிருந்தால் முழுப் பானையும் கலங்கும்.

இ) இன்னும் ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, துளசியையும் பூக்களையும் போட்டு மூடுங்கள். பூவைக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய், அவிந்த கீரை மணம்தான் மிஞ்சும். மூடியைத் திறக்கும்போது சுக்கும் தாழம்பூவும் கலந்து ஒரு மணம் எழும்பும். நீர் இளமஞ்சளில் லேசாகப் பச்சை ஓடினாற்போல் இருக்கும். அதுதான் பதம்.

ஈ) ஆறியதும் வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடியுங்கள். வடிக்காமல் விட்டால் மிளகுத்தோலும் அறுகுத்துண்டும் பெண்பிள்ளைகளின் நீளத் தலைமயிரில் சிக்கி, அந்த நாள் முழுக்கச் சீப்போடு போராட வேண்டி வரும்.

உ) பால், கோரோசனை, கோசலம் சேர்ப்பதாக இருந்தால் தலையில் வைப்பதற்குக் கொஞ்சம் முன் சேருங்கள். முதல் நாளே பாலை ஊற்றி வெளியில் வைத்தால் வெயில் காலத்தில் விடியும் முன் புளித்துவிடும். பெரும்பாலான வீடுகளில் "மருத்துநீர் மணக்கிறது" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்துவது இந்தப் பாலால்தான். பால் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

காய்ச்சியதை மூடி சாமியறையில் வையுங்கள். போத்தலில் ஊற்றுவதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகு ஊற்றி, மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குசினியில் சும்மா வைத்த போத்தலை இஞ்சித் தேத்தண்ணி என்று நினைத்துக் குடிப்பதற்கு எல்லா வீட்டிலும் ஓர் ஆள் உண்டு.

6. ஆட்களை ஆயத்தப்படுத்துவது

எல்லோரும் பழைய உடுப்போடு வரட்டும். மஞ்சள் கறை போகாது. புது வேட்டியோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கிணற்றடியோ குளியலறையோ, நிலம் வழுக்கும். பாலும் இலையும் சேர்ந்த ஈரத் தரை, வயதானவர்களுக்கு ஆபத்து. அவர்களை முற்றத்தில் கதிரையில் இருத்தி அங்கேயே வைத்துவிடுங்கள். எட்டிப் பிடிக்கும் இடத்தில் துவாய் இருக்கட்டும்.

குளிர் நாடுகளில் வெளியில் நிற்கவைக்க வேண்டாம், குளியலறையே போதும். தண்ணீர் போகும் துளையில் ஒரு வலை வைத்துவிடுங்கள்.

7. தலையில் வைப்பது

வீட்டில் மூத்தவர் வைக்க வேண்டும். அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் அவர்கள். இல்லாவிட்டால் தாய் தகப்பன். தனியாக இருப்பவர் சாமியைக் கும்பிட்டுத் தானே வைத்துக்கொள்ளலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

வைத்துக்கொள்பவர் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். காலுக்கான இலையை நிலத்தில் போட்டு அதன் மேல் இரு காலையும் வைக்கச் சொல்லுங்கள். பிறகு தலைக்கான இலையை உச்சியில் வையுங்கள். இந்த ஒழுங்கில் செய்யாமல் தலை இலையை முதலில் வைத்தால், கால் இலையைப் பார்க்கக் குனியும்போது அது கீழே விழும். இலையோடு சேர்த்து உச்சியில் மருத்துநீரை ஒரு கை விட்டு, மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். "நோய் நொடி இல்லாமல் நல்லாயிரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாழ்த்துவார்கள்.

கண்ணை மூடச் சொல்லுங்கள். மிளகும் திப்பிலியும் கண்ணில் பட்டால் சின்னப் பிள்ளை அடுத்த வருடம் கிட்டவே வராது. கைக்குழந்தைக்குத் தேய்க்க வேண்டாம். ஒரு பூவிதழை நீரில் தோய்த்து உச்சியில் தொட்டுவிட்டால் போதும். தலையில் புண், சிரங்கு, தையல் இருப்பவர்களுக்கும் அப்படியே.

நேரம் குறைவாக இருந்தால் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில். மற்றவர்கள் வரிசையில் நிற்கலாம்.

8. முழுகுவது

மருத்துநீரை வாளித் தண்ணீரில் கலந்து குளிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. போத்தலை முழுதாக வாளியில் கவிழ்த்துவிட்டுக் குளித்து முடித்தால், அடுத்த ஆளுக்கு ஒன்றும் இருக்காது. தலையில் வைக்கும் சடங்கும் நடந்திருக்காது. முதலில் தலையில் வைப்பது, ஓரிரு நிமிடம் ஊறவிடுவது, பிறகு வெறும் தண்ணீரில் தலைக்கு முழுகுவது. இதுதான் ஒழுங்கு.

சவர்க்காரமோ ஷாம்புவோ போடக் கூடாது என்று சொல்லும் வீடுகள் உண்டு. நான் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஆனால் முதலில் நன்றாகத் தண்ணீரால் அலசிவிட்டுப் போடுங்கள். துடைப்பதற்குப் பழைய துவாய்.

முழுகி முடிந்ததும் பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் புத்தாடை. அந்த நிறத்தில் முழு உடுப்புத் தேட வேண்டாம், சீலைக் கரையிலோ சால்வையிலோ அந்த நிறம் இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம்.

9. பொங்கலும் கைவிசேடமும்

வருடம் இரவில் பிறந்தாலும் முற்றத்துப் பொங்கலைச் சூரியன் எழும்பும் நேரத்துக்கு வைத்துக்கொள்வது வசதி. பிறகு கோயில். கைவிசேடத்துக்குத் தனி நேரம் உண்டு. மருத்துநீர் முடிந்த கையோடு பெரியவர்கள் காசை எடுத்து நீட்டிவிடுவார்கள், அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய கடுதாசியைக் காட்டுங்கள். வெற்றிலையில் காசும் கொஞ்சம் நெல்லும் பூவும் வைத்துக் கொடுப்பது வழமை. தாள் காசை முன்பே மாற்றி வையுங்கள்.

10. மிஞ்சியதும் தவறியதும்

மிஞ்சிய மருத்துநீரை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம், கெட்டுவிடும். கால்படாத இடத்தில், ஒரு மரத்தடியில் ஊற்றுங்கள். வடித்த சக்கையும் தலை இலையும் அங்கேயே. கழிவு வாய்க்காலில் விட்டால் அடைப்பும் எடுக்கும், பெரியவர்கள் வாயும் சும்மா இருக்காது.

வேலைக்குப் போனதாலோ நித்திரை கொண்டதாலோ புண்ணியகாலம் தவறிவிட்டால், திரும்பக் காய்ச்சிக்கொண்டு நிற்க வேண்டாம். சாதாரணமாக முழுகிக் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். வீட்டில் துடக்கு (பிறப்பு, இறப்புத் தீட்டு) என்றால் அந்த வருடம் பொங்கல், கைவிசேடம் எல்லாவற்றையும் விடுவது வழக்கம்; மருத்துநீர் மட்டும் வைக்கலாமா என்று உங்கள் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் இதில் வித்தியாசம் உண்டு.